விடுமுறையில் ஒரு கைத்தொழில்

1922-ஆம் ஆண்டில் சிவகாசி வாலிபர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் பிரயாணமானார்கள். தீப்பெட்டித் தொழிலைப் பயின்று மறு வருஷம் ஊர் திரும்பினார்கள். வானம் பார்த்த பூமிக்குப் பிழைப்புப் பிறந்தது. தீப்பெட்டிக்கு லேபில் வேண்டியிருந்தது. அதற்காக அச்சுக்கூடங்கள் எழுந்தன. காலண்டர்களும் பட்டாசுப் பெட்டிப் படங்களும் அவ்வழியே வந்தவைதாம்.

அக்காலத்து லித்தோ முறை விந்தையானது. ஜெர்மனியில் செனபெல்டர் என்பவர் 1796-ல் கண்டுபிடித்தது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் இடவலம் மாற்றிச் சித்திரம் தீட்டுவார்கள். கல்லை நீரால் நனைத்து மை தடவினால், சித்திரத்தில் மட்டுமே மை பற்றும். வர்ணத்துக்கு ஒரு கல். மயிரிழை விலகினாலும் படம் பாழ்!

இன்று கல் போய் ஆப்செட் யந்திரம் வந்துவிட்டது. ஆயினும் வர்ணத்தின்மேல் வர்ணம் பிசகாமல் பொருந்த வேண்டுமென்ற விதி மாறவில்லை. இதைப் புத்தகம் சொல்லலாம்; கண்ணும் கையும் பழகினாலன்றி வித்தை கைவராது.

கல்லூரியில் வாசிக்கும் நம் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஒரு மாதமேனும் அச்சுக்கூடத்தில் தொழில் பழகட்டுமே! கையில் மை பட்டால் கௌரவம் குறையுமென்று பெற்றோர் அஞ்ச வேண்டாம். பட்டம் பெற்றும் ஒரு தொழிலும் அறியாமல் நிற்பதல்லவா உண்மையான குறை?