எதிர்ப்பு சக்திக்கு பிரேக்கும் வேணும்

"எதிர்ப்பு சக்தியைக் கூட்டணும்" என்பது கொரோனாவுக்குப் பிறகு நம்மாட்கள் எல்லாருக்கும் மனப்பாடம். கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

என் சித்தி மகளுக்கு லூபஸ். அவளுடைய எதிர்ப்பு சக்தி அவள் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. டாக்டர் கொடுப்பதெல்லாம் அதை அடக்கி வைக்கும் மாத்திரைகள். அதனால்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

1993-ல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவரும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் கண்டுபிடித்த சமாச்சாரம் இது. சுமார் 22 எழுத்து நீளமுள்ள குட்டித் துணுக்கு. புழுவோடு முடிந்துபோகும் விஷயம் என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். மனிதனிடமும் இருப்பது 2000-ல் தெரியவந்தது. 2024-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வேலை இதுதான்: புரதம் தயாரிக்க மரபணு அனுப்பும் செய்தியில் இது போய் ஒட்டிக்கொள்ளும். உடனே உற்பத்தி குறையும்.

கிருமி நுழைந்ததும் செல்லுக்குள் ஓர் அலாரம் அடிக்கிறது. அந்த அலாரமே மிர்-146ஏ என்ற துணுக்கையும் தயாரிக்கச் சொல்கிறது. அது அலாரத்தைத் தூண்டும் இரண்டு புரதங்களைக் குறைத்துவிடும். 2006-ல் டேவிட் பால்டிமோரின் ஆய்வகம் இதைக் காட்டியது. சர்வர் அலாரங்களோடு மல்லுக்கட்டும் எனக்கு, இதைவிட நல்ல டிசைன் கிடையாது! மிர்-146ஏ இல்லாத எலிகளுக்கு வயது ஏற ஏறத் தன்னையே தாக்கும் நோய் வந்தது. லூபஸ் நோயாளிகளிடம் இது குறைவாக இருப்பதாக 2009-ல் ஒரு சீன ஆய்வு சொன்னது.

மிர்-155 கதை வேறு. அது இல்லாத எலிகளுக்குத் தடுப்பூசி போட்டும் சரியாகப் பலன் இல்லை. அளவுக்கு மீறி வைத்தாலோ ரத்தப் புற்றுநோய். ஆக, கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

அப்படியென்றால் இதையே மருந்தாக்கலாமே? புற்றுநோய்க்கு மிர்-34ஏ துணுக்கைப் போலவே ஒரு மருந்து செய்து மனிதர்களிடம் சோதித்தார்கள். எதிர்ப்பு சக்தி கட்டுமீறியதில் 4 பேர் இறந்தார்கள். 2016-ல் சோதனையை நிறுத்தினார்கள். ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடும் என்பதால், ஒன்றைத் திருகினால் பத்து இடத்தில் ஆடுகிறது. ஆராய்ச்சி நிற்கவில்லை, ஆனால் "மைக்ரோ ஆர்.என்.ஏ. சிகிச்சை" என்று யாராவது இன்றைக்கே விற்க வந்தால் நம்பிவிடாதீர்கள்.

ஊருக்குப் போகும்போது பெட்டியில் சாக்லேட்டோடு "இம்யூனிட்டி" பாட்டில்களையும் அடுக்குகிறோம். நான் இருக்கும் ஜெர்மனியில் எக்கினேசியா மருந்துக்கடைதோறும் கிடைக்கும். லூபஸ் உள்ளவர்கள் அதைத் தவிர்க்கத்தான் டாக்டர்கள் சொல்கிறார்கள். வாங்கும் முன் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, கூட்டும் பாட்டில் பரிசாகாது.