மேலூர் மடைக்கு மேலே ஒரு மழைக்காடு

கொட்டாம்பட்டியைச் சுற்றி மழை பொய்த்தால் கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துவிடும். பாறைக் குன்றுகளும் செம்மண்ணும் கருவேலமுமான மேட்டுப் பூமி இது. இங்குள்ள பல கண்மாய்களுக்கு வானத்தை விட்டால் வேறு வழியில்லை. நான்குவழிச் சாலையில் தெற்கே இறங்கி மேலூரை நெருங்க நெருங்கக் காட்சி மாறும். புரட்டாசி வாக்கில் பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்கால், நடவு, கொக்குக் கூட்டம் என்று ஊரே வேறாகிவிடும். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதியில் மட்டும் 85,563 ஏக்கர் ஒருபோக நிலம் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது.

எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சிறு பிள்ளையும் சொல்லும், பெரியாறு அணையிலிருந்து என்று. அணையில் தண்ணீர் தேங்குகிறது. அது பிறப்பது காட்டில். அந்தக் காட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதுவும் தண்ணீர் மேல் மிதந்துகொண்டே பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. மழைக்காட்டுக்குள் படகில் போவதென்றால் அமேசானைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். நமக்கு மதுரையிலிருந்து 140 கிலோமீட்டர் அளவில் தேக்கடி இருக்கிறது.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் வரை வழியெல்லாம் காய்ந்த பூமி. தேனி தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலும் நெல்லும் தென்னையும் பச்சைப் பசேலென்று வருகின்றன. ஆனால் அந்தப் பச்சையில் பெரும்பங்கு மழை தந்ததல்ல. அரபிக் கடலிலிருந்து ஏறிவரும் மேகம் மேற்கு மலைச்சரிவில் குளிர்ந்து அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. கிழக்கே இறங்குவது ஈரம் வற்றிய காற்று. மதுரைச் சமவெளியில் ஆண்டுக்கு 85 செ.மீ. அளவில் மழை, மலைக்கு மேலே பெரியாற்றுக் காட்டில் சுமார் 250 செ.மீ. லோயர் கேம்ப்பில் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் குமுளியில் இறங்கும்போது காற்றே மாறிவிடுகிறது. ஒரு மலைமுகட்டை நிறுத்தி, இந்தப் பக்கம் வறட்சி, அந்தப் பக்கம் மழை என்று பிரித்து வைத்தவனை நினைத்துக் கைகூப்பாமல் இருக்க முடியவில்லை.

தேக்கடி ஏரி இயற்கை ஏரியல்ல. 1876-ல் தாது வருடப் பஞ்சம் மதுரைச் சீமையைச் சூறையாடியது. அதன்பின் வேகம் பெற்ற பழைய யோசனை, மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்புவது. 1887-ல் பணி தொடங்கி 1895-ல் முடிந்தது. ஜான் பென்னிகுக் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும் கொண்டு கட்டிய அந்த அணைக்காகக் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் உயிர்விட்ட கூலித் தொழிலாளர்கள் பலர். அவர்கள் நினைவாக நம் ஊர்களில் யாருக்கும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. தேனிப் பக்கம் பிள்ளைகளுக்குப் பென்னிகுக் என்று பெயர் வைக்கிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள்; அது நியாயமான நன்றி. அந்த நன்றியில் அந்தக் கூலிகளுக்கும் அந்தக் காட்டுக்கும் பங்கு உண்டு.

அணை எழுந்ததும் நீர் ஏறிப் பள்ளத்தாக்கின் மரங்களை மூழ்கடித்தது. அந்த மரங்களின் அடித்தண்டுகள் இன்றும் ஏரிக்குள் நிற்கின்றன. தேக்கடிக்குப் போகிற எல்லோரும் முதலில் படம் எடுப்பது இவற்றைத்தான். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கரையாமல் நிற்பதற்குக் காரணம் உண்டு. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைகளுக்குக் காற்று வேண்டும். நீருக்குள் இருக்கும் பாகத்துக்குக் காற்று சரியாக எட்டுவதில்லை. வைரம் பாய்ந்த கட்டை அப்படியே கிடக்கிறது. இறந்த பின்னும் அந்த மரங்களுக்கு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கட்டையின் தலையிலும் நீர்க்காகமோ பாம்புத்தாராவோ இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாத்தின் இறகில் நீர் ஒட்டாது. பாம்புத்தாராவின் இறகோ நனைந்து ஊறிவிடும். குறையென்று தோன்றும், ஆனால் நனைந்து கனத்தால்தான் அது எளிதாக மூழ்கி மீனைக் குத்த முடியும். நனைந்த பறவைக்கு உலர இடம் வேண்டுமே, அதற்கு அந்தக் கட்டை.

பெரிய இரட்டைத் தட்டு மோட்டார் படகுகள் ஏரியில் ஓடுகின்றன. காட்டைக் கேட்க விரும்புகிறவர்கள் அதில் ஏற வேண்டாம் என்பது என் கருத்து. வனத்துறையின் மூங்கில் தெப்பம் இருக்கிறது. மூங்கில்களைக் கயிற்றால் பிணைத்த தெப்பத்தில் சிறு குழுவாக ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட்டே போகிறார்கள். கூடவே துப்பாக்கியுடன் ஒரு வனக்காவலர். காட்டை ஒட்டி வாழும் மக்களையே காவலுக்கும் வழிகாட்டவும் சேர்த்துக்கொண்ட இடம் இது. ஒரு காலத்தில் இதே காட்டில் களவாகப் பட்டை உரித்தவர்கள், 1990-களின் கடைசியில் சூழல் மேம்பாட்டுக் குழுவாகச் சேர்ந்து, உரித்த மரங்களுக்கே காவலாக மாறினார்கள். மரம் எங்கே நிற்கிறது, மிருகம் எந்த வழியில் வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவை ஆக்கத்துக்குத் திருப்பியது பெரும் புண்ணியம்.

இந்த ஏரியில் மீன் பிடிக்கும் மன்னான் பழங்குடியினரின் கதையும் நமக்கு நெருக்கமானது. தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. அவர்கள் பேச்சில் தமிழ் ஒலிக்கிறது.

கரையோரமெல்லாம் புல்வெளி. மிளா மேய்கிறது, காட்டுப்பன்றி மண்ணைக் கிளறுகிறது, தொலைவில் காட்டுமாட்டின் கறுத்த முதுகு தெரிகிறது. துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினார். "அண்ணே, ஆனை. பேசாம இருங்க. காத்து அங்கிருந்து வருது, நம்ம வாடை அதுக்குப் போகாது." குட்டியோடு ஒரு யானைக் குடும்பம் நீருக்கு வந்திருந்தது. ஏரியின் கை ஒன்றைக் கடக்க வேண்டுமென்றால் யானைகள் நீந்தியே கடக்கும். உடல் முழுதும் மூழ்கித் துதிக்கை நுனி மட்டும் மேலே நீட்டியிருக்கும். அவ்வளவு பெரிய உடலுக்கு நீச்சலையும், மூச்சுக்கு அவ்வளவு நீண்ட குழலையும் ஒருசேரக் கொடுத்த அறிவை என்னவென்று சொல்வது!

தெப்பம் மலைமடிப்புகளுக்குள் திரும்பும் இடங்களில்தான் உண்மையான மழைக்காடு தொடங்குகிறது. ஏரியைச் சுற்றியுள்ள பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர்; அதில் பெரும்பகுதி பசுமைமாறாக் காடும் அரைப் பசுமைமாறாக் காடும்தான். வெளிச்சம் மங்கி, குளிர் ஏறுகிறது. எங்கோ மேலே கருமந்தியின் குரல்.

இங்கே ஒரு மழைத்துளி விழும் விதத்தைக் கவனிக்க வேண்டும். எங்கள் பொட்டலில் அது நேரே மண்ணை அறைந்து, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். இங்கே முதலில் உச்சி மரத்து இலை அதை வாங்குகிறது. பல இலைகளின் நுனி நீண்டு கூர்ந்திருப்பதால் நீர் தங்காமல் வழிகிறது. தங்கினால் பாசி படிந்து வெயிலை மறைக்குமல்லவா? அங்கிருந்து நடு மரம், பிறகு செடி, பாசி படிந்த அடிமரம். தரைக்கு வரும்போது வேகமெல்லாம் போயிருக்கும். தரையிலோ மண்ணே தெரியாத சருகு. அதன் கீழ் வேரும், வேரோடு உறவாடும் பூஞ்சை இழைகளும், மண்புழுவும் கரையானும் குடைந்த கோடானுகோடித் துளைகள். அத்தனை வழியாகவும் நீர் உள்ளே இறங்குகிறது. மழை நின்று வெகுநாள் கழிந்தும் பாறை இடுக்குகளில் ஊற்றாகக் கசிகிறது. கரையில்லாத கண்மாய் இது. மடையைத் திறக்க நீர்பாய்ச்சி வேண்டாம், மறுகால் பாய்ந்து உடையும் என்ற பயமும் இல்லை. நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக மண் சுமந்து கட்டிய கண்மாய்களின் வேலையை, மனிதன் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தக் காடு செய்துவருகிறது. வேர் குடித்த நீரில் ஒரு பங்கு இலை வழியே ஆவியாகி மறுபடி மேகமாகிறது. அமேசானில் பெய்யும் மழையில் கணிசமான பங்கு அந்தக் காடே மூச்சுவிட்டு உண்டாக்கியது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஓர் அத்தி மரம் கரைமேல் சாய்ந்திருந்தது. அத்திக்குப் பூவில்லை என்று ஊரில் சொல்வோம். பூ உண்டு, காய்க்குள்ளே உண்டு. கடுகை விடச் சிறிய ஒரு குளவி, கண்ணுக்குத் தெரியாத துளை வழியாக, சிறகு முறிய உள்ளே நுழைகிறது. தான் சுமந்து வந்த மகரந்தத்தை உள்ளிருக்கும் பூக்களுக்குச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே உயிரை விடுகிறது. அதன் மகள்கள் மகரந்தத்தோடு வெளியேறி அடுத்த மரம் தேடுகிறார்கள். அத்தி, ஆல், அரசு என்று ஒவ்வொரு வகைக்கும் பெரும்பாலும் தனித்தனிக் குளவி. கொட்டாம்பட்டிச் சாலையோரத்து ஆலமரத்திலும் இதுவே நடக்கிறது, நாம் அதன் நிழலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே. மரத்துக்கு மரம் அத்தி வெவ்வேறு காலத்தில் பழுப்பதால், வேறு பழமில்லாத மாதத்திலும் காட்டில் யாரும் பட்டினி கிடப்பதில்லை.

அந்தப் பழத்தைத் தேடி வருவது மலை இருவாச்சி. அது பறந்து வரும் ஓசை, பறவை தெரிவதற்கு முன்பே காதில் விழும். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பெருமரத்துப் பொந்துக்குள் புகுந்து, வாசலைத் தன் எச்சத்தால் பூசி, அலகு நுழையும் பிளவு மட்டும் விட்டு அடைத்துக்கொள்கிறது. உள்ளேயே சிறகுகளையும் உதிர்த்துவிடும். ஆண் பறவை மாதக்கணக்கில் பழம் சுமந்து வந்து ஊட்டவேண்டும். அது வராவிட்டால் குடும்பமே இல்லை. இருவாச்சி தின்ற பழத்தின் விதைகள் காடெங்கும் விழுகின்றன. பொந்து விழும் அளவுக்கு மரம் பருக்கப் பல தலைமுறை வேண்டும். ஒரு கிழட்டு மரத்தை வெட்டுகிறவன் எத்தனை விதைகளை வெட்டுகிறான் என்று அவனுக்கே தெரியாது.

காலடி மண்ணுக்குள்ளும் அதிசயம் உண்டு. தேக்கடி இருக்கும் இதே இடுக்கி மாவட்டத்தில் கண்டெடுத்து 2003-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளை, ஆண்டெல்லாம் மண்ணுக்குள் கரையான் தின்று வாழ்ந்து, மழை தொடங்கும் சில நாள் மட்டும் இணைசேர மேலே வருகிறது. அதன் நெருங்கிய உறவுத் தவளைகள் இருப்பது கடல் கடந்த செஷல்ஸ் தீவுகளில். இரு நிலங்களும் ஒன்றாயிருந்த காலத்துச் சொந்தம் அது.

ஏரியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் நம் பக்கம் திரும்புகிறது. லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்து, சுருளியாற்றோடு சேர்ந்து, வைகை அணையில் தேங்கி, பேரணையில் பிரிந்து, கள்ளந்திரி தாண்டி மேலூர்க் கடைமடை வரை வருகிறது.

பார்க்க நினைப்பவர்கள் தென்மேற்குப் பருவமழை தணிந்த பின் போகலாம். தெப்பத்தில் இடம் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாதீர்கள்; இந்த ஏரி உயிர்ப்பலி வாங்கியிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். துடுப்புப் போடுகிறவரிடம் எந்த அத்தி பழுத்திருக்கிறது என்று கேளுங்கள், அவருக்குத் தெரியும். ஜனவரிக்குப் பிறகு போனால், இருவாச்சி எந்தப் பொந்தில் அடைபட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். தெரிந்தாலும் சொல்லமாட்டார், சொல்லக்கூடாது.