நாய் கடித்த பிள்ளைக்குப் பத்தியம் வேண்டாம், சிகிச்சைதான் முக்கியம்

காப்பார்: பிள்ளையை நாய் கடித்துவிட்டால் முட்டை, மீன், கோழி கொடுக்கக் கூடாது என்று பத்தியம் வைக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. ஆனால், பத்தியம் ரேபிஸைத் தடுக்காது.

ரேபிஸ் கிருமி நாயின் எச்சில் வழியாகக் காயத்தில் புகுந்து, நரம்பு வழியே மூளைக்குச் செல்கிறது. அறிகுறி தெரிந்த பின் பிழைப்பது மிக அரிது. 2017-இல் சரவாக், செரியானில் சிறுவர்கள் இந்நோய்க்குப் பலியானார்கள்.

கடித்தவுடன் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் தடவாதீர்கள். உடனே அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்கோ, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள். எந்த நாய் கடித்தது, அது வளர்ப்பு நாயா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தடுப்பூசி தொடங்கினால், மருத்துவர் சொல்லும் வரை எந்தத் தவணையையும் விடக் கூடாது.

வீட்டில் சோறு, பருப்பு, கீரை, முட்டை, மீன் என வழக்கமான சாப்பாட்டையே கொடுங்கள். புண் ஆறப் புரதச்சத்து தேவை. காய்ச்சல், வீக்கம், சீழ் கண்டால் மீண்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

திட்டு விழுமென்று பயந்து கடிபட்டதை மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. "நாய் கடித்தால் உடனே சொல், அம்மா திட்டமாட்டேன்" என்று இன்றே சொல்லி வையுங்கள்.