42 மார்க்குக்குள்ளே என்ன இருக்கு?

பிராக்ரஸ் ரிப்போர்ட் என்று ஓர் அட்டை கொடுப்பார்களே, ஞாபகமிருக்கிறதா? 'கணக்கு - 42' என்று இருக்கும். பாஸ். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இன்னும் நல்லாப் படிக்கணும்" என்று உறுமிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். எதை இன்னும் நல்லாப் படிக்கணும்? வகுத்தலையா, பின்னத்தையா, கோணமானி பிடிப்பதையா? அது அப்பாவுக்குத் தெரியாது. மார்க் போட்ட வாத்தியாருக்கும், உண்மையைச் சொன்னால், அவ்வளவாகத் தெரியாது. காணாமல் போன 58 எங்கே என்று யாரும் தேடியதில்லை.

நான் பி.காம். எங்களுக்கு டிரையல் பேலன்ஸ் என்று ஒரு சமாசாரம் உண்டு. பற்றையும் வரவையும் கூட்டி இரண்டு பக்கமும் டாலி ஆனால் ஒரே குஷி. ஆனால், டாலி ஆனதும் ஆடாதே என்று முதல் வருஷமே சொல்லிவிடுவார்கள். ராமசாமி கணக்கில் எழுத வேண்டியதைக் கிருஷ்ணசாமி கணக்கில் எழுதியிருந்தாலும் டாலி ஆகும். ஒரு என்ட்ரியை அடியோடு விட்டிருந்தாலும் ஆகும். பரீட்சை மார்க்கும் அந்த ரகம்தான். கூட்டல் சரியாக இருக்கும். உள்ளே என்ன கோளாறு என்று அது சொல்லாது.

அந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்தது அண்ணி தயவில். அவர் அரசுத் தொடக்கப் பள்ளி டீச்சர். ஒருநாள் மழை, பஸ் வரவில்லை. ஸ்கூட்டரில் கொண்டுபோய் வட்டார வள மையத்தில் விட்டேன். மழை விடுகிற வழியாக இல்லை. வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வழியாக உள்ளே நடப்பது எல்லாம் கேட்டது. பதினொன்றரைக்கு ஒரு புண்ணியவான் எனக்கும் சேர்த்து டீயும் போண்டாவும் கொடுத்தார்.

முதல் பாதி தூக்கம். பயிற்சி கொடுப்பவருக்குக் கருத்தாளர் என்று பெயர். அவர் சுவரில் படம் காட்டி, எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பயிற்சிகள் மேலிருந்து கீழே இறங்கி வருபவை. மாநில அளவில் கற்றவர் மாவட்டத்துக்குச் சொல்ல, மாவட்டம் வட்டாரத்துக்குச் சொல்லும். மேலே கெட்டித் தயிராக இருப்பது நடுவில் மோராகி, வட்டாரத்துக்கு வரும்போது நீர்மோராகிவிடும் அபாயம் உண்டு. கறிவேப்பிலை மட்டும் அப்படியே இருக்கும்.

டீக்குப் பிறகு கருத்தாளர் சாக்பீஸை எடுத்தார். அப்போதுதான் விஷயம் சூடு பிடித்தது. போர்டில் எழுதினார்: 52-லிருந்து 27 போனால்?

கடன் வாங்கிக் கழித்தல். (மாசக் கடைசியில் நாம் எல்லோரும் போடுகிற கணக்கு!) விடை 25. ஒரு பையன் 79 என்று எழுதுகிறான். இன்னொருவன் 35. இரண்டுமே தப்பு, இரண்டுக்கும் சைபர். ஆனால் முதல் பையன் கூட்டிவிட்டான். குறியைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது பையன், 2-லிருந்து 7 போகாது என்பதால் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டான். 7-ல் 2 போனால் 5, 5-ல் 2 போனால் 3. அவனைப் பொறுத்தவரை அது நியாயமான கணக்கு. கவனக்குறைவே இல்லை, ரொம்பக் கவனமாகத் தப்புச் செய்கிறான். "ஒழுங்காப் போடுடா" என்று இருவரையும் திட்டினால் முதல் பையன் திருந்துவான். இரண்டாமவன் அதே தப்பை இன்னும் அழகான கையெழுத்தில் போடுவான்.

எங்கள் அண்ணி எழுந்தார். "சார், 35 இன்னொரு வழியிலயும் வருமே?"

கருத்தாளர் விழித்தார். அண்ணி போர்டுக்கே போய்விட்டார். கடன் வாங்கத் தெரிந்த பையன் 12-ல் 7 போனால் 5 என்று சரியாகவே போடுகிறான். ஆனால் கடன் கொடுத்த 5, 4 ஆகிவிட்டதை மறந்துவிடுகிறான். 5-ல் 2 போனால் 3. அவனுக்கும் 35! ஒருவனுக்குக் கடன் வாங்கவே தெரியாது, மற்றவனுக்குக் கடன் வாங்கியது மறந்துவிடுகிறது. (இரண்டாவது ரகம் நம் ஆபீஸில் அதிகம்.) இரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டிய மருந்து வேறு. இந்தக் கணக்கோ இருவரையும் ஒரே ஆளாகக் காட்டுகிறது.

"53-ன்னு மாத்துங்க சார்" என்றார். மாற்றினால் சரியான விடை 26. கடன் தெரியாதவனுக்கு 34, மறந்தவனுக்கு 36. மூன்று பேரும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒன்றாம் இட எண்களுக்குள் வித்தியாசம் சரியாக 5 இருந்தால் மட்டும் இந்தக் குழப்பம் வரும். கருத்தாளர் நல்ல மனிதர். "நன்றிங்க மேடம்" என்று சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டார். எனக்கு ஜன்னலுக்கு வெளியே கை தட்டத் தோன்றியது.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. 2007-ல் செயல்வழிக் கற்றல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது; அட்டை, ஏணிப்படி, குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. 2012-ல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன: வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. பெயர் கடினமாக இருந்தாலும் சங்கதி எளிது. சமையல் நடக்கும்போதே உப்புப் பார்ப்பது வளரறி. இலையில் பரிமாறிய பிறகு சொல்வது தொகுத்தறி. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து குழந்தைகள் எழுத்தையே மறந்து வந்த பிறகு, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை ஆரம்பித்து, பிறகு நான்கு, ஐந்துக்கும் போயிற்று. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து, அதற்கேற்பப் பாடம். 'மக்கு' என்று பெஞ்ச் மேல் ஏற்றிய காலத்தில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்களைக் கேட்டாலே பொறாமையாக இருக்கும்.

ஆனால் நிலை பார்ப்பது வேறு, நிலையைப் பதிவு செய்வது வேறு. அண்ணி சொல்வார்: "வளரறிக்கு 40-க்கு 36 போட்டுட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க தம்பி. 18 போட்டாதான் ஆயிரம் கேள்வி." எமிஸ் என்கிற இணையதளத்தில் விவரம் ஏற்றும் வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று 2023-ல் ஆசிரியர் சங்கங்கள் போராடியே கேட்டன. சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். டீச்சருக்கு டேட்டா வேண்டாம் என்பது இல்லை. மேலே போகிற டேட்டா திரும்பி வகுப்புக்கு வர வேண்டும் என்பதுதான் சண்டை.

மத்திய அரசின் சர்வேக்களும் அப்படித்தான். 2021 நவம்பரில் தேசிய அடைவு ஆய்வு, 2024 டிசம்பரில் பராக் சர்வே. மாநிலம், மாவட்டம் எப்படி இருக்கிறது என்று அவை சொல்லும். மாதிரிக்குச் சில பள்ளிகளை எடுத்துச் செய்வது என்பதால், மூன்றாவது பெஞ்சில் ஓரமாக இருக்கிற பையனைப் பற்றி அவற்றால் ஒன்றும் சொல்ல முடியாது. அவனைத் தெரிந்துகொள்ள ஒரு நீள நோட்டுப் புத்தகம் போதும்.

ஆபீஸ் நண்பர்களே, நீங்கள் எக்ஸெலில் மல்லாடுகிறவர்கள், உங்களுக்கு உடனே புரியும். இடது பக்கம் 22 பிள்ளைகள் பெயர். மேலே 10 கேள்விகள். சரிக்கு டிக், தப்புக்கு அவன் எழுதிய விடையே. குறுக்கே கூட்டினால் பையனுடைய மார்க். அதோடுதான் நாம் எப்போதும் நிறுத்திக்கொள்வோம். நெடுக்கே பாருங்கள்: ஏழாவது கேள்வியில் 22 பேரில் 18 பேர் அவுட் என்றால், அது பிள்ளைகளுடைய மார்க் இல்லை, டீச்சருடைய மார்க். பாடம் நடத்திய விதத்தில் ஏதோ இடறியிருக்கிறது. நன்றாகப் படிக்கிற நாலு பேர் தப்பு, மற்றவர்கள் சரி என்றால், கேள்வியிலேயே குளறுபடி. சராசரியை மட்டும் எடுத்தால் இதெல்லாம் மறைந்து போகும். வகுப்பில் எல்லோரும் 50 வாங்கினாலும் சராசரி 50. பாதிப் பேர் 90, பாதிப் பேர் 10 என்றாலும் அதே 50. இரண்டாவது வகுப்பில் 50-க்குத் தகுந்த பாடம் நடத்தினால் ஒரு பாதி கொட்டாவி விடும், மறு பாதி திருதிரு என்று விழிக்கும்.

1988-ல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் ஒரு வேடிக்கை செய்து பார்த்தார். சில பிள்ளைகளுக்கு மார்க் மட்டும், சிலருக்கு 'இதை இப்படிச் செய்து பார்' என்று குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் வாங்கியவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் வாங்கியவர்கள்? மார்க் மட்டும் வாங்கியவர்களைப் போலவேதான் இருந்தார்கள்! காரணம் ஊகிக்கக் கூடியதுதான். மார்க்கைப் பார்த்ததும் பையன் பக்கத்துப் பையனின் பேப்பரைப் பார்ப்பானே தவிர, கீழே எழுதியிருப்பதைப் படிக்க மாட்டான். நமக்கு வருஷக் கடைசியில் அப்ரைசல் வரும்போது இன்கிரிமென்ட் தொகையைப் பார்த்த பிறகு மானேஜர் எழுதிய ஆலோசனையைப் படிக்கிறோமா என்ன!

அதற்காக மார்க்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் சொல்லவும் முடியாது, அடிக்க வருவார்கள். அடுத்த முறை பையனின் பள்ளிக்கோ, அண்ணன் பெண்ணின் பள்ளிக்கோ போனால், "எத்தனை மார்க்?" என்பதோடு "எங்கே தப்புப் போடறான் மிஸ்?" என்றும் கேளுங்கள். நோட்டைத் திறந்து காட்டுகிற டீச்சர் கிடைத்தால் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றாதீர்கள்.

மழை நாளுக்குப் பிறகு அண்ணி தன் வகுப்பில் அந்த 53 - 27 கணக்கைப் போட்டுப் பார்த்தார். 34 எழுதியவர்கள் ஆறு பேர், 36 மூன்று பேர். மூன்று பேருக்கு ஒரே நாளில் சரியாயிற்று. கடன் வாங்கிய இடத்தை அடித்து எழுதப் பழக்கினார், அவ்வளவுதான். ஆறு பேருக்கு ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, கட்டைப் பிரித்துக் கொடுக்கிறதைக் கையாலேயே செய்ய வைத்தார். நாலு நாளாயிற்று. அந்த ஆறில் ஒருவன், நாலாம் வகுப்பு, போன வருஷம் வரை எல்லாப் பதிவேட்டிலும் நல்ல மார்க்கோடு ஏறி வந்தவன், ஐந்தாம் நாள் தானாகவே போர்டுக்கு வந்து 26 எழுதினானாம்.

"அப்புறம் அண்ணி?"

"அப்புறம் என்ன தம்பி, 503-லிருந்து 27 குடுத்தேன். நடுவுல சைபர் வந்ததும் மறுபடி நிக்கிறான். திங்கக்கிழமை நூறு குச்சிக் கட்டு கட்டணும். நீங்க வர்றப்போ ரெண்டு விளக்குமாறு வாங்கிட்டு வாங்க."