மரம் வெட்டுபவருக்கு யார் படிப்பித்தது?

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலை, கொழும்பு கொள்ளுப்பிட்டியில் பயணித்துக்கொண்டிருந்த இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் ஒன்றின் மீது பெரிய மரம் சரிந்து விழுந்தது. ஐந்து பேர் உயிரிழந்தனர். அந்தச் செய்திக்குப் பிறகு பெரிய மரம் ஒன்றைக் கண்டாலே "இதை வெட்டிவிட்டால் நல்லது" என்ற பேச்சு நமது ஊர்களிலும் எழுந்தது. அந்தப் பேச்சு எனது பாடசாலைக்கும் வந்தது. அங்கு நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் அதிலிருந்தே இதை எழுதுகிறேன்.

கிழக்குக் கரையோர ஊர் ஒன்றில் நான் ஆசிரியராகக் கடமையாற்றுகிறேன். எமது முற்றத்தில் ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. பிள்ளைகள் இடைவேளையில் சாப்பிடுவதற்காக அதன் கீழ் வாங்குகள் போட்டிருந்தோம். மரத்தை அடியோடு வெட்ட வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். சுற்றாடல் முன்னோடிப் படையணிக்குப் பொறுப்பான ஆசிரியர் என்ற வகையில் நான் அதை எதிர்த்தேன். "அடியோடு வேண்டாம், மேல்பகுதியை மட்டும் குறைத்துவிடுவோம்" என்று கடிதத்தை எழுதியதும் நான்தான். ஒரே காலையில் வேலை முடிந்தது. எல்லாக் கிளைகளும் பாதியில் துண்டிக்கப்பட்டு, கைகளை இழந்தது போல மரம் நின்றது. சில வாரங்களில் கொத்துக் கொத்தாகத் தளிர் வந்தபோது, மரத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டோம்.

இரண்டு வருடங்களின் பின் ஒரு மாரி நாள் அதிகாலையில் வீசிய காற்றில், அந்தத் தளிர்களிலிருந்து வளர்ந்த இரண்டு கிளைகள் பிய்ந்து விழுந்தன. கைத்தடிப்பம் உள்ளவை. நான்காம் தரப் பிள்ளைகள் இருந்து சாப்பிடும் வாங்கு இரண்டாக உடைந்து கிடந்தது. பாடசாலை தொடங்க இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.

விழுந்ததை அகற்ற, முன்பு வெட்டியவரையே அழைத்தோம். என்னைவிட மூத்தவர். "காக்கா, இப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அவர் கத்தியின் பின்புறத்தால் மரத்தில் ஓரிடத்தில் தட்டினார், பிறகு வேறோர் இடத்தில் தட்டினார். முதலாவது இறுக்கமான சத்தம். இரண்டாவது வெறும் பானையில் தட்டியது போலிருந்தது. "இங்க உள்ளுக்கு ஓட்டை சேர். நீங்க எழுதித் தந்ததைத்தான் நான் வெட்டின. எங்களுக்கு யாரு சேர் படிப்பிச்சது? வாப்பா ஏறினார், அவரப் பாத்து நானும் ஏறின" என்றார்.

அவரிடம் அறிவு இருந்தது, யாரும் அதைக் கேட்கவில்லை. எனக்கும் தெரிய வேண்டியது ஒன்று இருந்தது, அதை நானும் தேடவில்லை. அதன் பிறகுதான் வாசிக்கத் தொடங்கினேன்.

மரம் காயத்தை ஆற்றுவதில்லை

நமது தோலில் ஏற்படும் காயம் புதிய தோலால் ஆறிவிடும். மரத்தில் அப்படி நடப்பதில்லை. காயப்பட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள் தடுப்புகளை எழுப்பி, உக்கல் பரவாமல் அடைத்துவிடப் பார்க்கிறது. பிறகு அதன் மேல் புதிய மரத்தை வளர்க்கிறது. இதை விளக்கியவர் அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ. அவர் ஆயிரக்கணக்கான மரங்களை இயந்திர வாளால் நீளவாக்கில் பிளந்து, பழைய காயங்களிலிருந்து உக்கல் எங்கே போயிருக்கிறது, எங்கே நின்றிருக்கிறது என்று பார்த்தார்.

கிளை, தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டி போல ஒரு தடிப்பு இருக்கும். அடைக்கும் வேலை சிறப்பாக நடப்பது அந்த இடத்தில்தான். ஆகவே தடிப்புக்குச் சற்று வெளியே வெட்டினால் மரம் மூடிக்கொள்ளும். தடிப்பையும் சேர்த்துத் தண்டோடு ஒட்ட வெட்டினால் காயம் பெரிதாகி, உக்கல் தண்டுக்குள் இறங்கும். எங்கள் வேம்பில் நடந்தது போல் கிளையை நடுவில் துண்டித்தால் மீதிக் குற்றி மூட முடியாமல் உக்கத் தொடங்கும்.

அந்தக் குற்றியில் வரும் தளிர்களும் மரம் தேறியதற்கு அடையாளமல்ல. இலைகளை இழந்த மரம் உணவு தயாரிக்க வழியின்றி, சேமித்து வைத்ததைச் செலவழித்து அவற்றை அவசரமாக வளர்க்கிறது. இயல்பாக வளர்ந்த கிளை தண்டின் மரத்தோடு ஆண்டுக்கணக்காகப் பின்னி இறுகியிருக்கும். இந்தத் தளிர் வெளிப்புறப் படையில் மட்டுமே ஒட்டியிருக்கும். அது வேகமாகப் பாரமாகும்போது அடியில் குற்றி உக்கிக்கொண்டிருக்கும். நாங்கள் ஆபத்தைக் குறைக்கவில்லை, இரண்டு வருடங்களுக்குத் தள்ளிப் போட்டிருந்தோம்.

ஓர் ஆசிரியராக என்னை யோசிக்க வைத்தது இன்னொரு விடயம். தண்டோடு ஒட்ட வெட்டி, வெட்டிய இடத்தில் பூச்சு பூசுவதுதான் சரியான முறை என்று ஷைகோவுக்கு முந்திய காலத்தில் படித்தவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். பூச்சு உக்கலைத் தடுப்பதில்லை என்பதும் பிறகுதான் தெளிவானது. ஒருமுறை கற்றதை முப்பது வருடம் அப்படியே செய்தவர், நல்ல மனதோடுதான் மரங்களைக் கெடுத்திருப்பார்.

தொடர்ந்து கற்கும் தொழில்

இதனால்தான் பல நாடுகளில் நகர மரப் பராமரிப்பு, தொடர்ந்து கற்க வேண்டிய ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. 1924இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நிழல் மரங்கள் பற்றிப் பேசச் சிலர் கூடினார்கள். அந்தக் கூட்டமே இன்றைய சர்வதேச மரப் பராமரிப்புச் சங்கமாக வளர்ந்தது. ஆய்வாளரும் மரத்தில் ஏறுபவரும் அங்கே ஒரே இடத்தில் பேசுகிறார்கள். அச்சங்கம் 1992 முதல் பரீட்சை வைத்துச் சான்றிதழ் வழங்குகிறது. அது மூன்று வருடங்களுக்கே செல்லும். அதற்குள் குறிப்பிட்ட அளவு பயிற்சிகளில் பங்குபற்ற வேண்டும், இல்லையேல் மீண்டும் பரீட்சை எழுத வேண்டும். சங்கம் மரமேறும் போட்டிகளையும் நடத்துகிறது. மரத்தின் மேல் காயப்பட்டவரைப் பாதுகாப்பாக இறக்குவதும் அதில் ஒரு போட்டி. மற்றவர் கயிறு கட்டும் விதத்தைப் பார்த்தே பலர் கற்றுக்கொள்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். கொழும்பு வீதிகளில் குடை போல விரிந்து நிற்கும், சிங்களத்தில் 'மாரா' எனப்படும் மரமே சிங்கப்பூர் வீதிகளிலும் நிழல் தருகிறது. அங்கு மரநடுகை இயக்கம் 1963இல் தொடங்கியது. 2007இல் தேசியப் பூங்காக் கழகம் நகர்ப்புறப் பசுமைக்கென ஒரு பயிற்சி, ஆய்வு நிலையத்தை அமைத்தது. அதிகாரிகளுக்கு மாத்திரமன்றிக் களத் தொழிலாளர்களுக்கும் அங்கு பயிற்சி உண்டு.

இவ்வளவு இருந்தும், 2017 பெப்ரவரியில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் 270 வருடங்களுக்கு மேற்பட்ட பழைமை வாய்ந்த மரம் ஒன்று விழுந்து ஒரு பெண் உயிரிழந்தார். பயிற்சி ஆபத்தை முற்றாக நீக்கிவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தட்டிப் பார்க்காமலே வெட்டுவதற்கும், தட்டிப் பார்த்தும் தவறிப் போவதற்கும் வித்தியாசம் உண்டு.

நாம் செய்யக்கூடியவை

இந்த அறிவு நமது நாட்டில் இல்லாமலில்லை. பேராதனைத் தாவரவியல் பூங்கா, நுவரெலியாவில் உள்ள வனவியல் நிறுவகம், ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் வனவியல் துறை ஆகியவற்றில் அது இருக்கிறது. எங்கள் காக்காவைப் போல, தமிழ் பேசும் ஊர் ஒன்றில் கத்தியோடு மரத்தில் ஏறுபவரிடம் அது வந்து சேரவில்லை.

ஆசிரியர்களாகிய நாம் இப்படியொரு இடைவெளியை ஓரளவு கடந்தவர்கள். ஆசிரியர் கலாசாலையில் நான் பாடம் நடத்தும்போது சக மாணவ ஆசிரியர்கள் பின்வரிசையில் இருந்து பார்ப்பார்கள். பாடம் முடிந்ததும் குறைகளை முகத்துக்கு நேரே சொல்வார்கள். அன்று வலித்தது, ஆனால் நான் கற்றதில் பெரும்பகுதி அதுதான். இன்றும் ஆசிரியர் மத்திய நிலையங்கள், ஆசிரிய ஆலோசகர்கள், பாடசாலை மட்ட வாண்மை விருத்தி என்று பல ஏற்பாடுகள் நமக்கு இருக்கின்றன. மரம் வெட்டுபவருக்கு இதில் ஒன்றாவது இருக்கிறதா?

பெரிய நிதி தேவையில்லை. வருடத்துக்கு ஒருமுறை, வடகீழ்ப் பருவமழைக்கு முன்பு, உள்ளூராட்சி சபைகள் அரைநாளை ஒதுக்கலாம். சபை ஊழியர்கள், மின்கம்பிக்காகக் கிளை வெட்டுபவர்கள், வடிகானுக்கும் நீர்க்குழாய்க்கும் நிலம் தோண்டுபவர்கள், தனியாக மரமேறும் தொழிலாளர்கள் எல்லோரும் வர வேண்டும். தோண்டுபவர்களைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. மரத்தின் வேர்களில் பெரும்பாலானவை ஆழத்தில் இல்லை, மேல்மண்ணில் பக்கவாட்டில் பரந்து கிடக்கின்றன. ஒரு பக்கம் கால்வாய் வெட்டினால் அந்தப் பக்கப் பிடிமானம் போய்விடும்.

அந்த அரைநாள் மண்டபத்தில் நடக்கக் கூடாது, ஒரு மரத்தின் கீழ் நடக்க வேண்டும். பாரமான கிளையை மூன்று வெட்டில் இறக்குவதைச் செய்து காட்டலாம். தண்டிலிருந்து சற்றுத் தள்ளிக் கீழ்ப்பக்கம் ஒரு பாதி வெட்டு. அதற்கும் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, பாரம் இறங்கிவிடும். கடைசியாகத் தடிப்புக்கு வெளியே மூன்றாவது. கீழ் வெட்டு இல்லாவிட்டால் கிளை தன் பாரத்தால் தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். அடிமரத்தில் காளான், ஒரு பக்கம் மண் வெடித்து உயர்தல், திடீர்ச் சாய்வு, தட்டும்போது வெறுமைச் சத்தம் ஆகிய அறிகுறிகளைத் தொழிலாளரே மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். நிபுணர் பேசுவதும் மற்றவர்கள் தலையாட்டுவதுமாக இருந்தால் அது அறிவுப் பரிமாற்றம் ஆகாது.

ஒவ்வொரு சபையும் பெரிய மரங்களுக்கு ஒரு பதிவுக் கொப்பி வைத்திருக்கலாம். எந்த மரம், எப்போது வெட்டப்பட்டது, யார் வெட்டினார், என்ன கண்டார் என்று எழுதினால் போதும். இன்று ஓர் ஊழியர் இடமாற்றம் பெற்றால் அவர் கண்டவையும் அவரோடு போய்விடுகின்றன.

எங்கள் பாடசாலையில் சிறிய அளவில் தொடங்கியிருக்கிறோம். வாங்குகளை மரத்தடியிலிருந்து அப்பால் போட்டோம். கடந்த தவணையில் அந்தக் காக்காவையே அழைத்து மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மரத்தைத் தட்டிக் காட்டச் சொன்னோம். கிளையின் தடிப்பைப் பற்றி நான் வாசித்ததை அவருக்குப் படத்தில் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது தெரிஞ்சிருந்தா சேர், எத்தன மரத்த வேற மாதிரி வெட்டியிருப்பன்" என்றார்.

உங்கள் ஊர்ப் பாடசாலையிலோ பள்ளிவாசல் முற்றத்திலோ வீதியோரத்திலோ நிற்கும் மரத்தை வெட்ட அடுத்த முறை தீர்மானம் எடுக்கும்போது, கடிதம் எழுதுவதற்கு முன் மரத்தில் ஏறுபவரையும் அழைத்து ஒரு தடவை மரத்தடியில் நின்று பேசுங்கள். நான் அன்று செய்யத் தவறியது அதைத்தான்.