கண் நிற்கும் இடமே பாதி ஓவியம்

தரை நடுவே பிளந்து கிடக்கிறது. உள்ளே பனிப்பாறைகள் செங்குத்தாக இறங்குகின்றன. விளிம்பில் ஒருவர் விழுந்துவிடுவாரோ என்பதுபோல் நிற்கிறார். ஜெர்மானிய ஓவியர் எட்கர் முல்லர் 2008-ல் அயர்லாந்தின் டன் லேரி நகரில் வரைந்த இந்தத் தரை ஓவியத்தின் புகைப்படம் உலகம் முழுவதும் பரவியது. அதே ஓவியத்தை எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் பிளவும் இல்லை, ஆழமும் இல்லை. தாறுமாறாக நீண்ட வண்ணப் பட்டைகள்தான். முப்பரிமாணத் தெரு ஓவியத்தில் சாயம் பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதி, பார்ப்பவரின் கண் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. இந்தக் கலை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யலாம்.

கண் இருக்கும் இடத்தில் ஒரு விளக்கு எரிவதாகக் கொள்வோம். தரையில் நிற்கும் பெட்டியின் நிழல் எதுவரை நீளுமோ, அதுவரை ஓவியர் அந்தப் பெட்டியை இழுத்து வரைய வேண்டும். பார்ப்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 3 மீட்டர் தள்ளி, 1 மீட்டர் உயரப் பொருள் ஒன்று நிற்பதாகக் காட்ட வேண்டும். அதன் உச்சி, தரையில் 8 மீட்டர் தொலைவில் போய் விழும். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஐந்து மீட்டர் நீளம் செலவாகிறது. மாறாக, அதே இடத்தில் 1 மீட்டர் ஆழப் பள்ளத்தின் எதிர்ச்சுவரைக் காட்ட சுமார் 1.15 மீட்டர் தரையே போதும். தெரு ஓவியர்கள் கோபுரங்களைவிடக் குழிகளையும் பிளவுகளையும் அதிகம் வரைவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். பார்வைப் புள்ளியில் கேமராவை நிறுத்தி, ஒவ்வொரு கோட்டையும் அதன் வழியே சரிபார்த்துக்கொண்டே வரைகிறார்கள்.

உத்தி பழையது. 1533-ல் ஹோல்பைன் வரைந்த 'தூதர்கள்' ஓவியத்தின் அடியில் சாய்ந்து கிடக்கும் விநோத உருவம், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மண்டையோடு. ரோமின் புனித இக்னேஷியஸ் தேவாலயத்தில் ஆந்திரேயா போட்சோ 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய விதானம், கட்டடம் வானத்துக்குள் தொடர்வதாக நம்பவைக்கும். எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதைத் தரையில் பதித்த பளிங்கு வட்டம் காட்டுகிறது. இத்தாலியத் தெருக்களில் சாக்கட்டியால் தெய்வ உருவங்களை வரையும் மரபும் நெடுங்காலமாக இருந்தது. நாசாவில் விண்வெளிப் படங்கள் வரைந்துகொண்டிருந்த அமெரிக்கர் கர்ட் வென்னர், 1980-களில் இத்தாலிக்கு வந்து இந்த இரண்டையும் இணைத்தார். விதானத்தின் கணக்கு தெருவுக்கு இறங்கியது.

'அப்படியானால் இது வெறும் கேமரா வித்தைதானே?' என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அருகில் நிற்கும்போது இரு கண்களும் தரை தட்டை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். தலையை அசைத்தாலும் மாயம் கலையும். ஒற்றைக் கண் கொண்ட கேமராவுக்கு இந்தத் தொல்லை இல்லை. கிரிக்கெட் ஒளிபரப்பில் மைதானத்தில் எழுந்து நிற்பதுபோல் தெரியும் விளம்பரங்களும் ஒரு கேமராவின் கோணத்துக்காகச் சாய்த்துத் தீட்டப்பட்டவைதான். ஆனால், ஓர் இடத்தில் நின்று பார்க்கச் சொல்வது குறை என்றால் போட்சோவின் விதானமும் குறையுடையதே. தெருவில் அந்த இடத்துக்கு வருபவர் ஏமாறச் சம்மதித்தே வருகிறார். ஓரடி நகர்ந்தால் சூட்சுமமும் விளங்கிவிடுகிறது. அந்த இரட்டை அனுபவமே இந்தக் கலையின் சுவை.

சிக்கல், சம்மதம் கேட்காமல் வாகன ஓட்டியை ஏமாற்றும்போது வருகிறது. 2016-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முப்பரிமாண ஓவியங்களை வேகத்தடையாகப் பயன்படுத்தும் யோசனையை முன்வைத்தது. 2017-ல் ஐஸ்லாந்தின் இசாஃபியோர்துர் நகரில் மிதக்கும் கட்டைகள்போல் ஒரு ஜீப்ரா கிராசிங் தீட்டப்பட்டது. ஓட்டுநர் நேர்கோட்டில்தான் வருகிறார், தொலைவில் இரு கண் பார்வையின் வலிமையும் குறைவு, எனவே மாயம் இங்கேதான் நன்றாகப் பலிக்கும் என்பது ஆதரவாளர்கள் சொல்லக்கூடிய வலுவான வாதம். ஆனால் அது ஒரு தொலைவில்தான் சரியாகப் பலிக்கும். கண் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும் கார் ஓட்டுநருக்கு, 30 மீட்டரில் 30 சென்டிமீட்டர் உயரமாகத் தெரியும்படி வரைந்த கட்டை, 15 மீட்டரில் 48 சென்டிமீட்டராக வளர்ந்து தெரியும். இரு மடங்கு உயரத்தில் அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்கு எப்போதும் இரு மடங்காகத் தெரியும். நம்பியவர் திடீரென பிரேக் அடித்தால் பின்னால் வருபவருக்கு ஆபத்து. தினமும் வருபவரோ சில நாளில் அதை நம்புவதை விட்டுவிடுவார்.

சாலையில் எழுதும் எச்சரிக்கை எழுத்துகளும் இழுத்து நீட்டப்பட்டவைதானே என்று கேட்டால், ஆம். ஆனால் அவை செய்தி சொல்கின்றன. கோணம் சற்றுப் பிசகினாலும் படிக்க முடியும், பொய் என்று தெரியவரும் ஆபத்தும் இல்லை. பொய்த் தடை பொய்யென்று தெரிந்த அன்றே தன் வேலையை இழக்கிறது. ஆகவே, வண்ணம் வாங்கும் முன் நகராட்சி கேட்க வேண்டியது ஒன்றுதான்: பார்ப்பவரை ஓரிடத்தில் நிறுத்த முடியுமா? முடிகிற சதுக்கத்துக்கும் பள்ளி முற்றத்துக்கும் ஓவியரை அழைக்கலாம். முடியாத சாலையில், நிஜமாகவே மேடாக உயர்த்திய கடவையைக் கட்டுவதே பொறுப்பு.