தரைவழி ஒன்று, வான்வழி ஒன்று

மழைநீர் வடிகால் வேலைக்குத் தெருவில் பொக்லைன் இறங்கினால், அன்று அந்தத் தெருக் கடைகளிலும் அலுவலகங்களிலும் ஒரே கேள்விதான்: "உங்களுக்கு நெட் வருதா?" மண்ணுக்கடியில் அறுந்தது கண்ணாடி இழைக் கேபிள் (ஃபைபர்). ஆள் வந்து, அறுந்த இடத்தைத் தேடி, இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டவைக்க மணிக்கணக்கில் ஆகும். அதுவரை இ-வே பில் எடுக்க முடியாமல் சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நிற்கும்.

வீட்டில் நெட் போனால் எரிச்சல். தொழிலில் போனால் நஷ்டம். அதனால்தான் சிறு, நடுத்தர நிறுவனங்கள் 'ஃபிக்சட் வயர்லெஸ்' இணைப்பைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியமாகிறது. இதற்குத் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை. மொட்டைமாடியில் ஒரு டிஷ், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோபுரத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ரேடியோ அலை.

கைபேசி இணைப்பும் ரேடியோ அலைதானே என்று கேட்கலாம். கைபேசி நடமாடும், அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் கோபுரம் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அலையைப் பரப்ப வேண்டும். இங்கே இரு முனைகளும் அசைவதில்லை. அறை முழுக்க வெளிச்சம் தரும் பல்புக்கும் ஒரே இடத்தில் பாயும் டார்ச்சுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. குறைந்த சக்தியிலேயே அலை தூரம் போகும், வேகமும் ஏறி இறங்காமல் நிற்கும்.

தேனி காட்டிய வழி

இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1990-களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பை உருவாக்கியது. பேச்சோடு நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையமும் அதில் வந்தது.

அடுத்த பாய்ச்சல் தேனியில் நடந்தது. அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களில் திறந்த பார்வை மையங்களைத் தேனி மருத்துவர்களோடு வீடியோ வழியாக இணைக்க விரும்பியது. எரிக் ப்ரூவர் தலைமையிலான கலிஃபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி குழு அதற்குத் தேர்ந்தெடுத்தது விலை மலிவான சாதாரண வைஃபை கருவியை.

வைஃபை ஓர் அறைக்குள் வேலை செய்யப் பிறந்தது. ஒவ்வொரு தகவல் துண்டையும் அனுப்பிவிட்டு 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் தாமதமானால், தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பும். 15 கிலோமீட்டர் தூரம் அலை போய்த் திரும்பவே 100 மைக்ரோநொடி ஆகும். அறைக்குள் பேசும் வைஃபை அவ்வளவு நேரம் பொறுத்திருக்காது. பெர்க்லி குழு இந்த வழக்கத்தையே மாற்றியது: இரு முனைகளும் நேரம் ஒதுக்கிக்கொண்டு மாறி மாறிப் பேசின, பல துண்டுகளுக்குச் சேர்த்து ஒரே பதில் அனுப்பின. தேனி மருத்துவர்கள் ஐந்து மையங்களின் நோயாளிகளிடம் திரையில் முகம் பார்த்துப் பேச முடிந்தது. 2007-இல் வெனிசுவேலாவில் இரு மலைமுகடுகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பு கொடுத்த சோதனையிலும் இந்தக் குழுவின் மென்பொருள் பயன்பட்டது.

88 மணி நேரமா, 53 நிமிடமா?

தொழிலுக்கு இணைப்பு வாங்கும்போது எத்தனை எம்பிபிஎஸ் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்பதுதான் முக்கியம். 99 சதவீத நேரம் வேலை செய்யும் இணைப்பு ஆண்டுக்குச் சுமார் 88 மணி நேரம் செத்துக் கிடக்கும். அதே தரத்தில் இரண்டு இணைப்புகள் இருந்து, ஒன்றின் பழுது மற்றதைத் தொடாமல் இருந்தால், இரண்டும் ஒருசேர நிற்பது ஆண்டுக்குச் சுமார் 53 நிமிடம்தான்.

'ஒன்றின் பழுது மற்றதைத் தொடாமல்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் வாங்கினாலும் இரண்டும் ஒரே பள்ளத்திலோ ஒரே மின்கம்பத்திலோ வந்தால், ஒரே வெட்டில் இரண்டும் போய்விடும். உங்கள் டிஷ்ஷுக்கும் கோபுரத்துக்கும் நடுவே வான்வழி இணைப்புக்கு அந்த ஆபத்து இல்லை. சாலையை வெட்ட அனுமதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் மாட்டும் வேலை ஒரு நாளில் முடியும். புதுக்கிளை, புறநகர்க் கிடங்கு, சில மாதங்களே நடக்கும் கட்டுமானத் தளம் ஆகியவற்றுக்கு இது கைகொடுக்கும்.

கம்பி இல்லாவிட்டால் வேகம் குறையும் என்ற எண்ணமும் சரியல்ல. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. காற்றில் ரேடியோ அலை ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர். அதனால்தான் சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே பங்கு வர்த்தக நிறுவனங்கள் ஃபைபரை விட்டு நுண்ணலைக் கோபுரங்களுக்கு மாறின. 2010-இல் அங்கே போட்ட நேர்வழி ஃபைபரில் செய்தி போய்த் திரும்ப 13 மில்லிநொடி ஆனது. நுண்ணலையில் 9-க்கும் குறைவு. ஆனால் ஒரே நேரத்தில் அள்ளிச் செல்லும் தகவலின் அளவில் ஃபைபரை எதுவும் மிஞ்ச முடியாது.

மழையும் தென்னையும்

டிஷ் பொருத்துபவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இதன் நுணுக்கம் புரியும். ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் சிக்னல் அளவு காட்டும் கைபேசி. விரற்கடை அளவு திருப்பினால் சிக்னல் மைனஸ் 75-இலிருந்து மைனஸ் 60-க்கு ஏறும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடி விழும். உச்சத்தைக் கண்டுபிடித்து, அது நழுவாமல் போல்ட்டை இறுக்க வேண்டும்.

எதிர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை ஒற்றைக் கோடாகப் போவதில்லை. நடுவில் பருத்துப் போகிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்பென்றால், நடுவழியில் அந்தப் பரப்பின் ஆரம் சுமார் 11 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும். நேர்கோட்டுக்குக் கீழே நின்ற தென்னை சில ஆண்டுகளில் வளர்ந்து உள்ளே தலைநீட்டினால் சிக்னல் இறங்கும். ஓலை மழையில் நனைந்தால் இன்னும் இறங்கும்.

மழையின் கணக்கு வேறு. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 சென்டிமீட்டருக்கு மேல். சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளி அதற்குப் பெரிய தடையல்ல. 60 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே 5 மில்லிமீட்டர்தான். அடைமழையில் அது தடுமாறும்.

2018-இல் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் கூடுதல் அலைவரிசைகளுக்கு உரிமம் தேவையில்லை என அறிவித்ததால் செலவு குறைந்தது. ஆனால் யாரும் பயன்படுத்தலாம் என்பதால் நெரிசலான இடங்களில் குறுக்கீடு வரும்.

எனவே கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த அலைவரிசை, உரிமம் உள்ளதா? வேகம் எங்களுக்கு மட்டுமா, பலரோடு பகிர்வா? மின்சாரம் போனால் கோபுரத்துக்கு மாற்று ஏற்பாடு என்ன? தேனித் திட்டத்தில் கருவிகளைப் படாதபாடு படுத்தியது மின்னழுத்த ஏற்ற இறக்கம்தான். ஆகவே உங்கள் டிஷ்ஷுக்கும் யுபிஎஸ், எர்த், இடிதாங்கி வேண்டும். கடைசிக் கேள்வி, பெரும்பாலோர் கேட்க மறப்பது: அந்தக் கோபுரத்துக்கு இணையம் எந்த வழியாக வருகிறது? உங்கள் தெரு ஃபைபரின் வழியாகவே என்றால், இரண்டு பில் கட்டியும் உங்களிடம் இருப்பது ஒரே இணைப்புதான்.